எளிய உரையா, வேர்டா? தமிழ் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறுகதை, கவிதை, மன்ற மலர், ஆய்வேடு என்று எதையாவது தமிழில் எழுதி, அதை இன்னொருவரிடம் கொடுக்கும் கட்டத்தில்தான் பலருக்கு இந்தச் சந்தேகங்கள் வருகின்றன. பிறர் எழுதிய தமிழ்க் கோப்புகளை அச்சுக்கும் இணையத்துக்கும் தயார்செய்து தருவது என் வேலை. சிங்கப்பூரில் அந்த வேலையின்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் மட்டும் அதைப் பற்றிய பதிலைத் தவறாமல் படியுங்கள்.

எளிய உரைக்கும் வேர்டுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

வேர்டு, கூகல் டாக்ஸ், லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போன்றவற்றில் ஒரு சொல்லைத் தடிமனாக்கினால் திரையிலும் தடிமனாகவே தெரியும். தாளில் வரப்போவதைத் திரையிலேயே காட்டும் இந்த முறை 1974இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் உருவான பிராவோ என்ற நிரலில் தொடங்கியது. தடிமன், அளவு, எழுத்துருவின் பெயர் எல்லாம் கோப்புக்குள் நம் கண்ணுக்குப் படாமல் பதிவாகின்றன. இப்போதைய வேர்டு கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்துப் பார்த்தால் எழுத்து ஒரு கோப்பிலும் பாணிகள் (ஸ்டைல்கள்) இன்னொன்றிலும் படங்கள் தனி அடைவிலும் இருக்கும்.

எளிய உரையில் நீங்கள் தட்டியது மட்டுமே இருக்கும். தடிமன் வேண்டுமென்றால் சொல்லின் இருபுறமும் **இப்படி** இரட்டை நட்சத்திரம் போடுவீர்கள். தலைப்புக்கு முன்னால் # போடுவீர்கள். பிறகு ஒரு நிரல் அந்தக் குறிகளைப் படித்து, இணையப் பக்கமாகவோ அச்சுப் பக்கமாகவோ ஆக்கித் தரும். இப்போது அதிகம் புழங்கும் குறிமுறை மார்க்டவுன். ஜான் குரூபர் 2004இல் அதை வெளியிட்டார். ஆரன் சுவார்ட்சுக்கும் அதில் பங்குண்டு.

வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் போட்டுத் தடிமனாக்குகிறேன். அதுவும் இதுதானா?

இதன் நெருங்கிய உறவுதான். "எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்பவர்களில் பலர் குடும்பக் குழுவில் நாள்தோறும் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள்: வாட்ஸ்அப்பில் ஒற்றை நட்சத்திரம் தடிமன், மார்க்டவுனில் ஒற்றை நட்சத்திரம் சாய்வு, இரட்டை நட்சத்திரம் தடிமன்.

சரி, நான் எதில் எழுத வேண்டும்?

உங்களுக்கு அடுத்ததாக அந்தக் கோப்பைத் திறக்கப்போவது யார் என்று பாருங்கள். உங்கள் கைக்கு எது வசதி என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அடுத்துத் திறப்பவர் சமூக மன்றச் செயலாளர், தமிழாசிரியர், மலர்க் குழுவின் மூத்த உறுப்பினர் என்றால் வேர்டு அல்லது கூகல் டாக்ஸ். அவர்களிடம் போய் மார்க்டவுன் கற்றுக்கொள்ளச் சொல்வது முறையல்ல. ஒரே எழுத்து இணையத்தளத்துக்கும் மின்னூலுக்கும் அச்சு நூலுக்கும் போகவேண்டியிருந்தால் எளிய உரை. இருபது ஆண்டு கழித்து நீங்களோ உங்கள் பேரப்பிள்ளையோ திறக்க வேண்டும் என்று விரும்பினாலும் எளிய உரைதான்.

சொந்தமாகப் படைப்பு எழுதுவோரிடம் நான் அழுத்திச் சொல்வது இது: மூலப்படி எளிய உரையாக உங்களிடமே இருக்கட்டும். கேட்பவருக்கு வேர்டாக மாற்றிக் கொடுங்கள்.

என்னிடம் 1990களில் தட்டச்சு செய்த கோப்புகள் இருக்கின்றன. அவற்றை எளிய உரையாக மாற்றி வைக்கலாமா?

மாற்றத்தான் வேண்டும். ஆனால் அவசரப்பட்டு "எளிய உரையாகச் சேமி" என்பதை மட்டும் அழுத்திவிடாதீர்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு, 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்தது. ஆனாலும் சாதாரணக் கணினியில் யூனிகோடுத் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு லதா எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பல எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட கோப்பில் 'க' என்ற எழுத்தே கிடையாது. ஏதோ ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், பக்கத்தில் "இதை இந்த எழுத்துருவில் காட்டு" என்ற குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்புதான் அதைத் தமிழாக்குகிறது.

வேர்டு கோப்பு அந்தக் குறிப்பை ஒவ்வொரு பகுதிக்கும் நினைவில் வைத்திருக்கிறது. எளிய உரையாகச் சேமித்த நொடியில் அது போய்விடும். முழுவதும் தமிழாக இருந்தால் பிறகும் மீட்டுவிடலாம். நம் ஊர்க் கோப்புகள் அப்படி இருப்பதில்லை. ஆங்கிலப் பெயர், முகவரி, நடுவில் ஓர் ஆங்கிலப் பத்தி என்று கலந்தே இருக்கும். எழுத்துருப் பெயர் போன பிறகு அதில் எது ஆங்கிலம், எது தமிழ் என்று எந்த நிரலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே முதலில் கோப்பைப் படியெடுத்துவிட்டு, படியில் மட்டும் வேலை செய்யுங்கள். வேர்டிலோ லிப்ரே ஆபிசிலோ திறந்து, எந்தெந்த எழுத்துருப் பெயர்கள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். திரையில் கிறுக்கலாகத் தெரிந்தாலும் பெயர் அங்கே இருக்கும். அந்தந்த எழுத்துருவில் உள்ள பகுதியை அதற்குரிய மாற்றியால் யூனிகோடாக்குங்கள். எல்லாம் தமிழாகத் தெரிந்த பிறகே எளிய உரையாகச் சேமியுங்கள். டிஸ்கி, டாப் என்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருப்பதால் வேலை கொஞ்சம் எளிது. பழைய மூலக் கோப்பை எக்காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். மாற்றத்தில் ஏதாவது விடுபட்டிருந்தால் அங்கேதான் திரும்பிப் போகவேண்டும்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினித் தமிழின் தொடக்க காலக் கதையில் சிங்கப்பூருக்குப் பெரிய இடம் இருக்கிறது. 1995இல் இங்கு தொடங்கப்பட்ட கவிதை இணையத்தளத்தில் தமிழும் ஏறியது. அதன் பின்னால் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமியின் உழைப்பு இருந்தது. 1997இல் தமிழ்நெட் மாநாடு இங்கே நடந்தது. 2000ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாட்டின்போது உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பு இங்கேதான் உருவானது. அவ்வளவு முன்னால் கணினியில் எழுதத் தொடங்கிய ஊர் என்பதால், பழைய குறியாக்கத்தில் மாட்டிக்கொண்ட கோப்புகளும் நம் வீட்டு அலமாரிகளில் நிறையவே இருக்கும். 1965 முதல் 2015 வரை வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களைத் தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து மின்னாக்கம் செய்ததால் அச்சான நூல்களில் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டது. அச்சாகாதவை? மேடை நாடகப் பிரதிகள், மன்றக் கூட்டத்தில் வாசித்த கட்டுரைகள், பாதியில் நின்ற நாவல்கள்? அவற்றை அவரவர்தான் காப்பாற்ற வேண்டும். உங்கள் அப்பாவோ மாமாவோ எழுதியவர் என்றால் அவருடைய பழைய வட்டுகளை இந்த விடுமுறையில் எடுத்துப் பாருங்கள்.

தமிழில் மார்க்டவுன் எழுதும்போது தனியாகச் சிக்கல் வருமா?

வரும். ஆங்கிலம் எழுதுவோர் இவற்றைச் சந்திப்பது குறைவு என்பதால் வழிகாட்டிகளிலும் அரிதாகவே காணலாம்.

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். சொல்லை மட்டும் குறியிட்டு உருபை வெளியே விட்டால் தொல்லை. _நூல்_களில் என்று அடிக்கோடு போட்டால் சாய்வு வராது, அடிக்கோடுகளே பக்கத்தில் தெரியும். சொல்லின் நடுவில் வரும் அடிக்கோட்டைக் குறியாக எடுக்கக்கூடாது என்பது மார்க்டவுனை வரையறுக்கும் காமன்மார்க் தரத்தின் விதி. நட்சத்திரம் போட்டால் *நூல்*களில் என்பது சரியாக வரும். ஆனால் நட்சத்திரத்திலும் ஒரு பள்ளம் உண்டு. **"வாருங்கள்"**என்று என மேற்கோள் குறியைத் தொட்டபடி நட்சத்திரத்தை மூடி, இடைவெளி விடாமல் அடுத்த சொல்லைத் தொடங்கினால் தடிமன் மூடாது. ஓர் இடைவெளி விட்டால் தீர்ந்தது.

இன்னும் மோசமானது, எழுத்தின் நடுவில் குறி விழுவது. 'முரசில்' என்ற சொல்லில் 'முரச' வரை தடிமனாக்கினால் இகரக் கொக்கி தனியே பிரிந்து, புள்ளி வட்டத்தோடு தொங்கும். இது வேர்டிலும் நடக்கும். எனவே உருபையும் சேர்த்தே குறியிடுங்கள், அல்லது 'தமிழ் முரசு' நாளிதழில் என்று உருபை அடுத்த சொல்லுக்குத் தள்ளுங்கள்.

பத்தியை ஆண்டோடு தொடங்குபவர்கள் கவனியுங்கள். "1965. சிங்கப்பூர் தனி நாடானது." என்று எழுதினால் மார்க்டவுன் அதை 1965ஆம் எண்ணில் தொடங்கும் பட்டியல் என்று நினைத்துக்கொள்ளும். புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு (\) போடுங்கள், அல்லது வாக்கியத்தை மாற்றுங்கள்.

நான் கவிதை எழுதுகிறேன். எனக்கு எது?

கவிதைக்கு மார்க்டவுன் அவ்வளவு அன்பாக நடந்துகொள்வதில்லை. நீங்கள் உடைத்த அடிகளை ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் இரண்டு இடைவெளியோ ஒரு பின்சாய்வுக் கோடோ போட்டால்தான் அடி உடையும். பத்தியின் முதல் வரியை நான்கு இடைவெளி விட்டு உள்ளே தள்ளினால் அதை நிரல் வரி என்று நினைத்துப் பெட்டிக்குள் போட்டுவிடும். மரபுக்கவிதையில் சீர்களுக்கிடையே கூடுதலாக விட்ட இடைவெளியும் இணையப் பக்கத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

அதனால் கவிஞர்களுக்கு என் பரிந்துரை: குறிகளே இல்லாத வெறும் உரைக் கோப்பு ஒன்றில் அடி உடைப்பு உட்பட எல்லாவற்றையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எந்த இடத்தில் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்பதே கவிதையின் பகுதியாக இருந்தால், அந்தத் தோற்றத்தைப் பிடிஎஃப் ஆகவும் சேர்த்து அனுப்புங்கள். வடிவமைப்பாளருக்கு இரண்டும் வேண்டும்.

நூல் பெயர்களைச் சாய்வெழுத்தில் போடலாமா?

வேண்டாம் என்பேன். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது. நிரல் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. ழகரமும் ணகரமும் விழப்போவதுபோல் நிற்கும். தமிழ் அச்சு மரபில் நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோளோ தடிமனோ போதும்.

குறியீட்டு உரையின் நன்மை இங்கே நன்றாகத் தெரியும். நட்சத்திரத்துக்குள் இருப்பது "அழுத்தம்" என்று மட்டுமே கோப்பில் இருக்கிறது. இணையத்தளத்தின் பாணிக் கோப்பில் "அழுத்தத்தைச் சாய்க்காதே, தடிமனாக்கு" என்று ஒருமுறை எழுதிவிட்டால் முந்நூறு பக்கமும் மாறிவிடும். வேர்டிலும் பாணிகளைப் பயன்படுத்தி எழுதினால் இதைச் செய்யலாம். எனக்கு வந்துசேரும் கோப்புகளில் அப்படி எழுதியவை மிகக் குறைவு.

வேர்டிலேயே இருக்க விரும்புகிறேன். தமிழுக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியையே பயன்படுத்துங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தலைப்புபோல் காட்டாதீர்கள். இதை ஒன்றைச் செய்தாலே உங்கள் கோப்பைப் பிறகு எந்த வடிவத்துக்கும் எளிதில் மாற்றலாம்.

அடுத்தது, வேர்டு தமிழைச் சிக்கல் வரிவடிவம் (காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்) என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. ஒரே பாணிக்குள் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறோர் எழுத்துரு, வேறோர் அளவு. ஆங்கில அளவை மாற்றியும் தமிழ் அப்படியே நிற்கிறதே என்று குழம்புவது இதனால்தான். பாணியைத் திருத்தும் பெட்டியில் இரண்டையும் தனித்தனியே அமைத்துவிட்டால், இருமொழிச் சுற்றறிக்கை எழுதுவோருக்கு இது மிகவும் உதவும்: ஆங்கிலமும் தமிழும் தத்தம் எழுத்துருவில் தாமாகவே விழும்.

வேர்டிலிருந்து எடுத்து இணையத்தளத்தில் ஒட்டினால் ஏன் எல்லாம் குலைகிறது?

எழுத்தோடு சேர்ந்து அளவு, நிறம், எழுத்துரு, இடைவெளி என்று அத்தனையும் வந்து ஒட்டிக்கொள்வதால். பல நிரல்களில் கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும். பிறகு தலைப்பையும் தடிமனையும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்.

அட்டவணை, நிகழ்ச்சி நிரல், அழைப்பிதழ்?

வேர்டு, எக்செல், கூகல் ஷீட்ஸ். மார்க்டவுன் அட்டவணையில் செங்குத்துக் கோடுகளை நேராக நிறுத்த எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். தமிழில் 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலத்தில் இருக்க வழியில்லை. மல்லுக்கட்டாதீர்கள்.

திருத்தங்களைப் பார்ப்பதற்கு எது நல்லது?

இரண்டு பேர் கலந்து பேசித் திருத்தும் வேலைக்கு வேர்டின் மாற்றக் கண்காணிப்பும் கூகல் டாக்சின் பரிந்துரை முறையும்தான் சிறந்தவை. ஓரத்தில் குறிப்பு எழுதலாம், ஏற்கலாம், மறுக்கலாம். ஆசிரியர் மாணவர் கட்டுரையைத் திருத்துவதற்கும், தொகுப்பாசிரியர் கதாசிரியரோடு ஒரு கதையைச் செப்பனிடுவதற்கும் எளிய உரையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நீண்டகால வரலாறு வேண்டுமென்றால் நிலைமை வேறு. கிட் போன்ற நிரலில் எளிய உரையை வைத்தால் எந்த நாளில் எந்த வரி மாறியது என்பது என்றைக்கும் இருக்கும். ஆனால் அது வரிவரியாக ஒப்பிடும் நிரல். பத்தி முழுவதும் ஒரே நீண்ட வரியாக இருந்தால் ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிப் பழகுங்கள். மார்க்டவுன் அவற்றை வெளியீட்டில் ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். கவிஞர்களுக்குத் தொல்லையான அந்தக் குணம் உரைநடைக்காரர்களுக்கு இங்கே கைகொடுக்கிறது.

ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே?

பெரும்பாலும் ஔகாரம்தான் காரணம். 'கௌரவம்' என்பதைப் பலர் 'கெ' தட்டிப் பக்கத்தில் 'ள' தட்டி 'கெளரவம்' என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும்; கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பழைய மாற்றிகளில் புகுந்துவந்த கோப்புகளில் 'கொ'வின் கொம்பும் காலும் இரண்டு தனிக் குறிகளாக நிற்பதும் உண்டு. இந்தப் பிழை இரண்டு வகைக் கோப்பிலும் வரும். எளிய உரையில் நூறு கோப்புகளில் ஒரே தடவையில் தேடி மாற்றிவிடலாம் என்பதே வித்தியாசம்.

ஆய்வேடு எழுதுகிறேன். லேடெக் தமிழுக்கு ஒத்துவருமா?

லேடெக் என்பது குறிகள் இட்டு எழுதிப் பிடிஎஃப் பெறும் அச்சுக்கோப்பு முறை. தமிழுக்கும் ஒத்துவரும், சீடெக் (XeTeX) இயந்திரத்தோடு. ஜொனதன் கியூ 2004இல் வெளியிட்ட அது யூனிகோடையும் கணினியில் உள்ள எழுத்துருக்களையும் நேரடியாகப் பயன்படுத்தும். எழுத்துருவை அறிவிக்கும் இடத்தில் வரிவடிவம் தமிழ் என்று கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 'கெ'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சூத்திரங்களும் குறுக்குக் குறிப்புகளும் நிறைய உள்ள ஆய்வேடு என்றால் இந்தச் சிரமம் தகும். இலக்கிய ஆய்வு என்றால் உங்கள் மேற்பார்வையாளர் எதில் திருத்துவார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நிரலில் தொடங்கலாம்?

கணினியில் இருக்கும் நோட்பேடே போதும். 2019 முதல் அது யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில்தான் இயல்பாகச் சேமிக்கிறது. அதற்கு முந்தைய விண்டோஸ் என்றால் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். கொஞ்சம் பழகிய பிறகு விஷுவல் ஸ்டூடியோ கோடு அல்லது அப்சிடியன் பாருங்கள். கறுப்புத் திரை டெர்மினலில் ஓடும் திருத்திகளைத் தமிழுக்குத் தவிர்த்துவிடுங்கள்: ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்கும் இடத்தில் உயிர்மெய் பிதுங்கும், சுட்டி ஓரிடத்தில் நிற்க எழுத்து வேறிடத்தில் விழும்.

நிரல்கள் நிலையானவை அல்ல. விண்டோஸ் 95 முதல் இருந்த வேர்ட்பேடு 2024இல் விண்டோஸ் 11 புதுப்பிப்போடு நீக்கப்பட்டது. உரைக் கோப்பை அப்போதைக்கு எது இருக்கிறதோ அதில் திறக்கலாம்.

விக்கிப்பீடியாவில் எழுத எது வேண்டும்?

இரண்டும் அங்கே இருக்கின்றன. புதியவர்கள் காட்சித் திருத்தியில் தொடங்கலாம். வார்ப்புருக்களும் மேற்கோள்களும் நிறைந்த கட்டுரையைத் திருத்தும்போது மூலக் குறியீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அங்குள்ள குறிகள் மார்க்டவுன் அல்ல: தடிமனுக்கு மூன்று ஒற்றை மேற்கோள் குறி, தலைப்புக்கு இருபுறமும் இரட்டைச் சமக்குறி.

பக்க வடிவமைப்பாளருக்கு எதை அனுப்புவது?

அவரையே கேளுங்கள், பெரும்பாலும் வேர்டு கேட்பார். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் என்றால் ஒரு குறிப்பு சேர்த்து அனுப்புங்கள்: இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி பாராகிராப் கம்போசரை இயக்கிய பிறகே தமிழை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் கொம்புகள் இடம்மாறும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அது பிழை என்றே தெரியாது. மெய்ப்புப் பார்க்கத் தமிழர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

எளிய உரையில் எழுதியதை வேர்டாக எப்படி மாற்றுவது?

பண்டாக். பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் ஜான் மக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட இலவச நிரல் இது. மார்க்டவுனை வேர்டாக, மின்னூலாக, இணையப் பக்கமாக மாற்றும்; வேர்டையும் மார்க்டவுனாக மாற்றும். அடிக்குறிப்புகள் தப்பாமல் போய்ச் சேரும். உங்களுக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவும் அளவும் அமைத்த ஒரு மாதிரி வேர்டு கோப்பை அதற்குக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே தோற்றத்தில் தரும். அந்த மாதிரிக் கோப்பிலும் சிக்கல் வரிவடிவப் பகுதியில்தான் தமிழ் எழுத்துருவை அமைக்க வேண்டும்.